அர்ஜன்ட் கேர் வரட்டும், வாசலில் அனுபவமுள்ள தாதி இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் அரசாங்க மருத்துவமனை ஒன்றின் அவசரசிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாகத் தாதியாக வேலை செய்கிறேன். உயிருக்கு ஆபத்தில்லாதவர்களைத் தனியாகப் பார்க்க மருத்துவமனைக்குள்ளேயே ‘அர்ஜன்ட் கேர்’ நிலையம் வேண்டும் என்று பேசுகிறார்கள். அலெக்சாண்ட்ரா மருத்துவமனையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. எனக்கும் இது வேண்டும்தான்.

வருபவர்களை நாங்கள் எவ்வளவு அவசரம் என்று பார்த்து பி1 முதல் பி4 வரை பிரிக்கிறோம். உயிருக்குப் போராடுபவர் பி1. நடக்க முடிந்தாலும் அன்றே பார்க்க வேண்டிய சுளுக்கு, வெட்டுக்காயம் எல்லாம் பி3. இந்த பி3 ஆட்கள்தான் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள், கோபப்படுவார்கள், கோபம் எங்கள் மேல்தான் விழும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) சனிக்கிழமை நண்பகலோடு மூடிவிடும், ஞாயிறு திறப்பதில்லை, பக்கத்து கிளினிக்கும் பூட்டியிருந்தால் ஞாயிறு இரவு கையை வெட்டிக்கொண்டவர் எங்கேதான் போவார்? ஆகவே புது நிலையம் இரவிலும் விடுமுறை நாளிலும் திறந்திருக்க வேண்டும். அலுவலக நேரத்துக்கு மட்டும் என்றால் எங்களுக்குப் பெரிய உதவி இல்லை.

ஆனால் வாசல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒருமுறை 60 வயதைத் தாண்டிய அம்மா ஒருவர், நீரிழிவு உள்ளவர், நடந்தே வந்தார். “வாயுப் பிடிப்புதான்மா, மாத்திரை குடுத்தா போயிடுவேன்” என்றார். குளிரூட்டிய அறையில் அவர் நெற்றி வேர்த்திருந்ததைப் பார்த்து உடனே இசிஜி எடுத்தோம், மாரடைப்பு. நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே தெரியாமலும் மாரடைப்பு வரும். வாயு என்று சொல்லி அவரே அர்ஜன்ட் கேர் பக்கம் போய் எண் வாங்கி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். யார் எந்தப் பக்கம் போவது என்பதை அனுபவமுள்ள தாதி பார்த்துச் சொல்லட்டும், பலகையைப் பார்த்து நோயாளி தானே முடிவு செய்யக் கூடாது. 2014ல் சாங்கி மருத்துவமனை தொடங்கிய ஜிபிஃபர்ஸ்ட் திட்டம் எனக்குப் பிடித்ததும் இதனால்தான்: முதலில் பொது மருத்துவர் பார்க்கிறார், தேவைப்பட்டால் அவசரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புகிறார், அங்கே கட்டணத்தில் 50 வெள்ளி (டாலர்) குறைகிறது.

அப்புறம் ஆள் விஷயம். எங்கள் ஷிஃப்டிலிருந்து மூத்த தாதியரை எடுத்து அங்கே போட்டால் பி1 அறையில் யார் நிற்பது? தனி ஆட்களை எடுத்துப் பயிற்சி கொடுத்துவிட்டுத் திறங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நடைபாதையில் வரிசையாக டிராலியில் படுத்திருப்பவர்கள் பி3 நோயாளிகள் அல்லர். வார்டில் படுக்கை காலியாவதற்காகக் காத்திருப்பவர்கள். அவர்களுக்கு நேரத்துக்கு மருந்து, சாப்பாடு, உடை மாற்றுவது எல்லாம் பார்த்துக்கொண்டேதான் புதிதாக வருபவர்களையும் பார்க்கிறோம். அர்ஜன்ட் கேர் வந்தாலும் இந்த வரிசை குறையாது, அதற்கு வார்டில் இடம் வேண்டும்.

நிலையத்தைத் திட்டமிடும் கூட்டங்களுக்கு எங்களையும் கூப்பிடுங்கள். இரவு வேலை முடிந்த கையோடு காலை எட்டு மணிக்கு வைத்தாலும் சரி, வருவோம்.

அவசரசிகிச்சைப் பிரிவுத் தாதி ஒருவர்,
சிங்கப்பூர்