கொய்யா மரத்தை வெட்டுவதற்கு முன்: நம் தெரு நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், மாதவரத்தில் நம் தெருவில் செடி கொடி வைத்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, கொய்யா மரங்களை வெட்டிவிடலாம் என்பது. இன்னொன்று, கொசுவுக்குப் புகையடிக்கும் ஆளைக் கூப்பிட்டு மரங்களுக்கும் சேர்த்து அடிக்கச் சொல்லலாம் என்பது. விழுந்து அழுகும் பழம், அதன் நாற்றம், பிட்டால் உள்ளே நெளியும் புழு என்று புகார் சொன்னார்கள். புகார் நியாயம்தான். சொன்ன வழி இரண்டும் உதவாது. அன்றைக்கே பேசியிருப்பேன், தண்ணீர் லாரி விவகாரம் முடியவே ஒன்பது மணி ஆகிவிட்டது, எல்லோரும் எழுந்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பழத்துக்குள் நெளியும் அந்தப் புழு ஒரு ஈயின் குஞ்சு. முதலில் அது எந்த ஈ என்று தெரிந்துகொள்ள வேண்டும். சமையலறையில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் பொடி ஈ வேறு. இது பழ ஈ. வீட்டு ஈ அளவுதான் இருக்கும். பழுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை, பார்த்தால் குட்டிக் குளவி மாதிரி தெரியும். காய் மேல் உட்கார்ந்து பக்கவாட்டில் நகர்ந்து, இறக்கையை ஆட்டி ஆட்டி இடம் தேடும். பெண் ஈ ஊசி போன்ற உறுப்பால் தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வெளியே தெரிவது ஒரு சின்னப் புள்ளி, சில சமயம் அதில் கசிந்து காய்ந்த பிசின் துளி. பாகற்காய் என்றால் துளைத்த பக்கம் வளைந்து, முற்றுவதற்கு முன்பே மஞ்சளாகும். ஓரிரு நாளில் முட்டை பொரித்து, புழு ஒரு வாரம் போல உள்ளே இருந்து தின்னும். நன்றாக வளர்ந்த புழுவைச் செய்தித்தாள் மேல் எடுத்துப் போட்டுப் பாருங்கள். தலையையும் வாலையும் சேர்த்து வளையமாகச் சுருண்டு, டக்கென்று விடுபட்டுத் துள்ளும். அப்படித்தான் அது விழுந்த பழத்திலிருந்து வெளியேறி மண்ணைத் தேடிப் போகிறது. மேல்மண்ணில் இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்குள் கூட்டுப்புழுவாகி, பத்து நாள் போல இருந்துவிட்டு ஈயாக மேலே வரும்.

இப்போது புகைக்கு வருவோம். புகை, அந்த நேரத்தில் பறக்கிற ஈக்களில் சிலவற்றைக் கொல்லலாம். பழத்துக்குள் இருக்கும் புழுவை அது தொடாது. மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவையும் தொடாது. அடுத்த வாரமே புது ஈ வரும். இடையில் செத்தது மொட்டைமாடியில் சுரைக்கும் பீர்க்கைக்கும் வருகிற தேனீ. போதாக்குறைக்கு, நம் தெருப் பிள்ளைகள் கொய்யாவைக் கழுவித் தின்பவர்கள் இல்லை.

வெட்டும் யோசனையும் அப்படித்தான். கொய்யாவைத் தாக்கும் அதே ஈதான் மா, சப்போட்டா, பப்பாளி எல்லாவற்றுக்கும் போகிறது. நாட்டு பாதாம் என்றால் அதற்கு விருந்து. நம் தெருமுனையில் நிழல் தரும் பாதாம் மரத்தின் கீழே கிடக்கும் பழத்தை யாராவது பிரித்துப் பார்த்ததுண்டா? கொய்யாவை வெட்டி பாதாமை விட்டால் என்ன மிச்சம்?

வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாததால்தான் இந்த ஈ வருகிறது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னது பலருக்கு உறுத்தியிருக்கும். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவிலிருந்து போன மாம்பழத்தையும், பாகல், புடலை, கத்தரி, சேம்பு இலை ஆகியவற்றையும் நிறுத்தி வைத்தது. சரக்கில் பழ ஈ போன்ற பூச்சிகள் இருந்ததுதான் காரணம். மாம்பழத் தடை நீங்க 2015 ஆனது. ஏற்றுமதிப் பழத்திலேயே இந்தக் கதை. மாடியில் நான்கு பை வைத்திருப்பவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நம்மில் சிலர் ஏற்கெனவே கவர்ச்சிப் பொறி, அதாவது மருந்து ஊறிய கட்டையின் வாசனையால் ஈயை இழுத்துப் பிடிக்கும் பாட்டில், வாங்கி மாட்டியிருக்கிறோம். பாட்டில் நிறைய ஈ செத்துக் கிடப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதோடு சரி; கொய்யாவில் புழு அப்படியே இருக்கிறது. ஏன் என்று புரிந்துகொண்டால்தான் நான் கேட்கப்போவது புரியும்.

அந்தப் பொறியில் இருப்பது மெத்தைல் யூஜினால் என்ற வாசனைப் பொருள். 1912ல் பீகாரில் பூசாவில் இருந்த ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், கொசுவை விரட்டப் பயன்படுத்தும் சிட்ரோனெல்லா எண்ணெயைப் பழ ஈக்கள் தேடி வருவதைப் பற்றி எழுதினார். வந்தவை அத்தனையும் ஆண். பிறகு அந்த எண்ணெயில் இழுப்பது இந்த மெத்தைல் யூஜினால்தான் என்று அவரே கண்டுபிடித்தார். நம் வீட்டுத் துளசியிலும் அது இருக்கிறது. கசக்கிய துளசி இலையை நாடி ஆண் ஈ வருவது அதனால்தான். ஆக, பாட்டிலில் கிடப்பவை எல்லாம் ஆண்கள். முட்டை வைக்கிற பெண் வெளியே இருக்கிறது. மிஞ்சிய ஒரு ஆண் பல பெண்களோடு சேரும். ஆகவே அந்தச் சுற்றுவட்டாரத்து ஆண்களை ஏறக்குறைய முழுவதுமாகப் பிடித்தால்தான் முட்டை பொரிக்காமல் போகும். ஒரு வீட்டில் பொறி மாட்டி மற்ற வீடுகள் சும்மா இருந்தால், ஒரு வீட்டுக்காரர் மட்டும் தன் வாசலில் மழைத்தண்ணீரை இறைத்துக் கொட்டுவது போலத்தான். பசிபிக் கடலில் ரோட்டா என்ற தீவில் 1960களில் இதே மருந்தை விஷத்தோடு கலந்து தீவு முழுக்கப் போட்டு இந்த ஈயையே இல்லாமல் செய்தார்கள். நம்மால் அந்த அளவு முடியாது, மாதவரம் தீவும் இல்லை. ஆனால் தெரு முழுக்க ஒரே வாரத்தில் மாட்டினால் ஈ குறையும்.

இன்னொரு விஷயம் கடைக்காரர் சொல்லாமல் விடுவது. பாகல், புடலை, பீர்க்கை, வெள்ளரிக்கு வரும் ஈ வேறு இனம். அது மெத்தைல் யூஜினாலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு கியூலூர் என்ற வேறு வாசனை மருந்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பழ மரத்துக்கு ஒரு பாட்டில், பந்தலுக்கு ஒரு பாட்டில், இரண்டையும் தள்ளித் தள்ளி, நிழலில், ஆள் உயரத்தில். கட்டையை ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும்.

பெண் ஈக்கு என்ன செய்வது? முட்டை முதிர அதற்குப் புரதம் வேண்டும். அதனால் கருவாட்டு வாசனைக்கு வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொடிக் காய்களுக்குச் சொல்லி வந்த மீன்தூள் பொறி இதுதான். காசிமேடு பக்கத்தில் இருக்கும்போது நமக்குக் கருவாட்டுத் தூளுக்கா பஞ்சம்! பக்கவாட்டில் ஓட்டை போட்ட பாட்டிலில் ஈரக் கருவாட்டுத் தூள், அடியில் சோப்புத் தண்ணீர். பழைய குறிப்புகளில் இதோடு டைக்குளோர்வாஸ் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். அந்த மருந்து 2020 கடைசியோடு தடை செய்யப்பட்டுவிட்டது, தேடிப் போகாதீர்கள். தூள் காய்ந்தால் வாசனை போய்விடும், அவ்வப்போது நனைக்க வேண்டும். கயிற்றில் உயரக் கட்டாவிட்டால் பூனைதான் முதலில் வரும்.

இதையெல்லாம் செய்து, விழுந்த பழத்தை அப்படியே விட்டால் அத்தனையும் வீண். இப்போது நாம் செய்வது என்ன? பெருக்கி வேலியோரம் தள்ளுகிறோம், அல்லது மழைநீர்க் கால்வாய்க்குள். ஒரு பழம் என்பது சில டஜன் ஈ. கொய்யாவின் கீழே பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்துவிடுங்கள். தேர்தல் முடிந்தால் அதற்கும் குறைவில்லை. புழு மண்ணுக்குள் இறங்காது, பொறுக்குவதும் சுலபம். பொறுக்கியதை மூடியுள்ள பெயின்ட் வாளியில் தண்ணீரோடு போட்டு, மிதக்காமல் மேலே ஒரு கல் வைத்து, ஒரு வாரம் மூடி வையுங்கள். அப்புறம் உரக்குழியில் கொட்டலாம். மூடி இறுக்கமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சிப் பணியாளரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பச்சையாக உரக்குழியில் போடுவது ஈயை வளர்ப்பதற்குச் சமம்.

மிஞ்சியதற்கு உறை. கொய்யா எலுமிச்சை அளவு வந்ததும் பழைய வேட்டித் துணியில் பை தைத்து, காயை ஒட்டாமல் தொளதொளவென்று கட்டவும். ஒட்டியிருந்தால் துணி வழியாகவே துளைத்துவிடும். பாகலுக்குப் பூ வாடியதும் செய்தித்தாள் குழாய் போதும். காய் கொஞ்சம் வெளிறும், ருசியில் மாற்றம் இல்லை.

சங்கத்திடம் நான் கேட்பது இவ்வளவுதான். புகைக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் இரண்டு வகைக் கட்டைகளையும் மொத்தமாக வாங்கி வீட்டுக்கு வீடு கொடுங்கள். எல்லோரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாட்டுவோம். ஆடி ஆவணிக் கொய்யாவில்தான் புழு அதிகம், அதனால் அதற்கு முன்பே தொடங்க வேண்டும். பாதாம் மரத்தடியைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் அம்மாவிடம், அந்தப் பழத்தை கால்வாயில் தள்ளாமல் தனியாக வைக்கச் சொல்லி நயமாகப் பேசுங்கள். வாளியை நான் தருகிறேன்.

கடைசியாக, பூட்டிக் கிடக்கும் காலி மனை. உள்ளே இரண்டு கொய்யா, ஒரு சப்போட்டா. பறிக்க ஆளில்லாமல் எல்லாம் தரையில்தான் விழுகிறது. தெருவில் பாதி ஈ அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு. உரிமையாளர் ஊரில் இல்லை. செயலாளர் அவர்கள் அவரிடம் போனில் பேசி அனுமதி வாங்கி, சாவியை வாரம் ஒரு நாள் எங்களிடம் கொடுத்தால், நானும் எதிர்வீட்டு அண்ணனும் போய்ப் பொறுக்கி வருகிறோம்.

இப்படிக்கு,
கொய்யா மரத்து வீட்டுக்காரி