தலையை வெட்டுமுன் ஒரு தடவை பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய சுறாவைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் 31 வருடமாக ஏலம் எடுத்து, சுறாவை அறுத்து விற்கிறவள் நான். காணாமல் போய்விட்டது என்று நீங்கள் எழுதிய அந்தச் சுறா என் கத்தியிலேயே துண்டாகியிருக்குமோ என்ற நினைப்பு மனதை அரிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கரை திரும்பிய வாரம், கடல் உயிரியலில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் ஏலக்கூடத்துக்கு வந்தாள். விடியற்காலை ஐந்து மணி. நான் சுறாவின் தலையை எடுக்கப் போகும்போது, "அம்மா, தலையைக் கொஞ்சம் விட்டு வையுங்க" என்றாள். கூடையில் கிடந்த எல்லாமே துடுப்பு முனை கறுத்த சுறா. "எல்லாம் ஒரே சாதிதானே கண்ணு?" என்று கேட்டேன். வாயைக் கரண்டிக் காம்பால் திறந்து பல்லைக் காட்டினாள்.

எங்கள் வலையில் அடிக்கடி விழும் ஒரு சாதிக்கும் புதுச்சேரிச் சுறாவுக்கும் வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதானாம். இரண்டிலும் முதுகின் இரண்டாம் துடுப்பு, பக்கத் துடுப்பு, வாலின் கீழ்முனை மூன்றும் கறுப்பு. புதுச்சேரிச் சுறாவுக்கு மேல்தாடைப் பல்லின் நுனி வழவழப்பாகவும் அடிப்பக்கம் மட்டும் ரம்பம் போலவும் இருக்குமாம். 1839-இல் ஜெர்மனியின் முல்லர், ஹென்லே என்ற இருவர் புதுச்சேரியில் கிடைத்ததை வைத்து இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, 'பாதிப் பல்' என்ற பொருளில்தான் வைத்திருக்கிறார்கள். உலகத்து அருங்காட்சியகங்களில் எல்லாம் சேர்த்து இருபதுக்கும் குறைவாகத்தான் இருக்கிறது என்றும், கடைசியாகப் பதிவானது 1979-இல் என்றும் சொன்னாள்.

அடையாளமே பல்லில் இருக்கிறது. நாங்கள் முதலில் வெட்டி எறிவதோ தலையை.

என் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். வஞ்சிரத்துக்குத் தனி வரி, சங்கராவுக்குத் தனி வரி. சுறாவுக்கு மட்டும் 'சுறா, 2 கூடை' என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பால் சுறா, கொம்பன் சுறா என்று வாய் நிறையப் பெயர் சொல்லத் தெரியும். எழுதத் தோன்றவில்லை. பிறகு எது குறைந்தது, எது அற்றுப் போனது என்று யாருக்குத் தெரியும்?

பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறும் என்று பால் சுறாப் புட்டு செய்து கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் இரண்டு மகள்களுக்கும் நானே அவித்துக் கொடுத்தேன். அதே பால் சுறாவை அறுக்கும்போது வயிற்றில் மூன்று நான்கு குட்டி கிடக்கும். அவ்வளவுதான் அதன் பிள்ளைப்பேறு. அதற்கும் ஒரு வருடம் சுமக்கிறதாம். மத்தி பல்லாயிரம் முட்டை இடுகிறது, பிடித்தாலும் மீளும். சுறா எப்படி மீளும்? புட்டு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது என் பிழைப்பு. எதைப் பிடிக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்துகொண்டு பிடிக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புதுச்சேரிச் சுறாவும், ரம்பம் போல மூக்கு நீண்ட வேளா மீனும், வேறு சிலவும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கின்றன. பிடித்தால் மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. சட்டம் வேண்டியதுதான். ஆனால் வலையில் செத்தே ஏறிய ஒன்றைக் கரைக்குக் கொண்டுவரப் படகுக்காரர்கள் பயப்படுகிறார்கள். "வம்பு எதுக்குக்கா" என்று கடலிலேயே எறிந்துவிடுகிறார்கள். உயிரோடிருந்தால் உடனே கடலில் விட வேண்டும், அதில் மறுபேச்சில்லை. தெரியாமல் சிக்கிச் செத்ததை ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் வழக்கு வராது என்று அதிகாரிகள் எழுத்தில் உறுதி தரட்டும். அப்படித் தந்தால் அந்தப் பெண் தேடுவதில் பாதி தானாகக் கரைக்கு வரும்.

ஏலக்கூடத்துச் சுவரில் சுறாக்களின் படங்களை, நாங்கள் கூப்பிடும் பெயரோடு, பல்லின் படமும் சேர்த்து மாட்டுங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, பஸ்ஸில் வந்துவிடும் தூரம்தான். வாரம் ஒரு நாளாவது அங்கிருந்து யாராவது வந்தால் போதும்.

இந்த ஆனி மாதத்திலிருந்து என் நோட்டில் சுறாவுக்கு ஐந்து வரி போட்டிருக்கிறேன். பெயர் தெரியாதது வந்தால் தலையோடு தனியே எடுத்து வைக்கிறேன். ஐஸ் என் செலவு. ஞாயிறு தவிர மற்ற நாள்களில் காலை ஒன்பது மணி வரை ஏலக்கூடத்தின் வடக்கு ஓரத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
மீன் வியாபாரி ஒருத்தி,
கடலூர் முதுநகர்