எடுத்தவங்க பேரையும் போடுங்க: ஃபேஷன் பத்திரிகைக்காரங்களுக்கும் பிராண்டுக்காரங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கும், பிராண்டுகள்ல விளம்பரத்த கவனிச்சுக்கற பெரியவங்களுக்கும்,

வணக்கம். நான் ஃபேஷன் துறை ஆள் இல்ல. போட்ட சட்டையையே திரும்பத் திரும்பப் போடற ஆளு. ஆனா ஃபேஷன் படங்கள மட்டும் விடாம பாப்பேன், ஏன்னா இன்னைக்கு எனக்குப் புடிச்ச ஃபோட்டோகிராஃபருங்க, ஆர்ட்டிஸ்டுங்கள்ல பாதி பேர் அறிமுகமானதே உங்க பக்கங்கள் வழியாத்தான். அந்த நன்றிய மொதல்ல சொல்லிடறேன், அப்புறம் சண்டைக்கு வரேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியாதது இல்ல. போன மாசம் ஒரு படம் வந்துச்சு, விளம்பரமா கட்டுரையான்னு யாருக்கும் புரியக்கூடாதுன்னே செய்வீங்களே, அந்த ரகம். ரெண்டு பக்கத்துக்கு விரிச்சிருந்தீங்க. ஒரு பொண்ணு கோட்ட தலைகீழா மாட்டிக்கிட்டு குத்தவச்சு உக்காந்திருக்கு, கை வரவேண்டிய எடத்துல முட்டி எட்டிப் பாக்குது, ஆனா பின்னாடி சுவத்துல விழுந்த நிழல் மட்டும் ஒழுங்கா கோட் போட்டு நிமிந்து நிக்கற மாதிரி இருக்கு. நான் பத்து நிமிஷம் பக்கத்த திருப்பல. அப்புறம் கீழ பொடி எழுத்துல பாத்தா கோட் எந்த கம்பெனி, செருப்பு எந்த கம்பெனி, கம்மல் யாரோடது, நகப்பூச்சோட ஷேட் நம்பர் வரைக்கும் இருக்கு. படம் எடுத்தது யாரு? அது மட்டும் இல்ல.

சரின்னு தேட ஆரம்பிச்சேன். மூணு ராத்திரி. படத்த போன்ல புடிச்சு தேடச் சொன்னா, யார் எடுத்ததுன்னு நான் கேக்க, கோட் வாங்கறியான்னு அது திருப்பிக் கேக்குது, அதே மாதிரி நாப்பது கோட்ட வரிசையா காட்டுது. இன்னும் தோண்டினா அதே படத்த பத்து பேர் பகிர்ந்திருக்காங்க, ஒருத்தர் "நன்றி: இணையம்"னு போட்டிருக்கார். இந்த இணையம்ங்கற மனுஷன்தான் உலகத்துலயே அதிகமா படம் எடுத்தவரு போல, எங்க பாத்தாலும் அவர் பேருதான். கடைசியா உங்களுக்கே மெயில் போட்டேன். உங்க ஆர்வத்துக்கு நன்றின்னு தானா ஒரு பதில் வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு மெயில், பேரு வந்துடுச்சுடான்னு ஓடிப்போய்த் தெறந்தா, அந்த கோட்டுக்கு தள்ளுபடியாம்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். படத்துல இருக்கற பொருளுக்கெல்லாம் பேரு போடறீங்கல்ல, எடுத்தவங்க பேரையும் போடுங்க.

ஒரு பேரு என்ன பண்ணும்னு என் கதையவே சொல்றேன். பல வருஷம் முன்னாடி ஒரு பழைய இதழ்ல, பக்கத்தோட உள்ஓரத்துல செங்குத்தா, எறும்பு ஊர்ற மாதிரி ஒரு பேரு இருந்துச்சு, கழுத்த ஒடிச்சுத்தான் படிச்சேன்: விவியன் சாசன். நெதர்லாந்துக்காரங்க, சின்ன வயசுல கொஞ்ச காலம் கென்யால வளந்தவங்க, மொதல்ல ஃபேஷன் டிசைன் படிச்சு அப்புறம் கேமராவுக்கு வந்தவங்க. முகத்த நிழல்ல மூழ்கடிச்சிட்டு, துணியோட நிறத்தையும் ஒடம்போட வளைவையும் மட்டும் வெயில்ல விட்டுடுவாங்க. இவங்களோட விளம்பரப் படம் எது, கேலரில மாட்டற படம் எதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சாலும் பல தடவ எனக்குப் பிரிக்கத் தெரியல. அந்த ஒரு எறும்பு வரிசை இல்லன்னா இதுல எதுவுமே எனக்குக் கெடச்சிருக்காது.

டைலர் மிட்செல எடுத்துக்கங்க. 2018 செப்டம்பர் அமெரிக்க வோக் அட்டைல பியான்சேய எடுத்தப்ப அவருக்கு வயசு 23. 1892ல ஆரம்பிச்ச அந்தப் பத்திரிகையோட அட்டைப் படத்த எடுத்த மொத கறுப்பின ஃபோட்டோகிராஃபர் அவருதான்னு எல்லாரும் எழுதினாங்க, பேரு பரவுச்சு, அடுத்த வருஷமே ஆம்ஸ்டர்டாம்ல ஃபோம் மியூசியத்துல அவரோட தனிக் கண்காட்சி. பேரு தெரிஞ்சதாலதான் என்ன மாதிரி ஆளுங்க அட்டைல ஆரம்பிச்சு மியூசியம் வரைக்கும் அவர் பின்னாடியே போக முடிஞ்சுது.

பேரு இல்லன்னா என்ன ஆகும்? 1991ல நியூயார்க்ல ஒரு ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சி நடந்துச்சு. அதுல மாலி நாட்டு பமாகோல எடுத்த சில போர்ட்ரெய்ட் படங்கள், "ஃபோட்டோகிராஃபர் யாரெனத் தெரியவில்லை"ன்னு எழுதி வச்சிருந்தாங்க. அந்தத் தெரியாத மனுஷன் அப்ப பமாகோல உயிரோட இருந்தாரு! செய்டு கெய்ட்டா. 1948ல ஸ்டுடியோ தொறந்தவரு, வீட்டுப் படுக்கை விரிப்பையே பின்னாடி தொங்கவிட்டு எடுத்தவரு, வர்றவங்களுக்குப் போட்டுக்க சூட்டு, கட்டிக்க வாட்ச், பக்கத்துல வச்சுக்க ரேடியோன்னு எல்லாம் ஸ்டுடியோல தயாரா வச்சிருந்தவரு. ஆந்த்ரே மன்யான்னு ஒரு க்யூரேட்டர், அதாவது கண்காட்சிக்குப் படங்களத் தேர்ந்தெடுக்கறவரு, மெனக்கெட்டு மாலிக்கே போய் விசாரிச்சுத்தான் ஆளக் கண்டுபுடிச்சாரு, 1994ல பாரிஸ்ல கண்காட்சி வச்சாங்க. பூப்போட்ட துணிக்கு முன்னாடி பூப்போட்ட உடுப்போட ஆள உக்கார வச்சு இன்னைக்கு நீங்க எடுக்கற ஷூட்டெல்லாம் பாக்கும்போது எனக்கு அவரு ஞாபகம்தான் வருது. மன்யா மாதிரி விமானம் ஏறிப் போய் விசாரிக்க எங்களால முடியுமா சொல்லுங்க.

எடம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. பேரு விக்கும்னா எடம் தானா வந்துடுது. 2003ல முராகாமிங்கற ஜப்பான் ஆர்ட்டிஸ்ட் லூயி விட்டான் கம்பெனி பைக்கு கலர் கலரா மோனோகிராம், அதான் அவங்க எழுத்துச் சின்னம், போட்டப்ப பேரு ஊரெல்லாம் கேட்டுச்சு. 2023ல அதே கம்பெனிக்கு வேலை செஞ்ச குசாமாங்கற இன்னொரு ஜப்பான் ஆர்ட்டிஸ்டுக்கு பேரு மட்டுமா, பாரிஸ்ல கடைக் கட்டடத்து மேல எட்டிப் பாக்கற மாதிரி அவங்க உருவத்தையே பெருசா செஞ்சு வச்சாங்க. நல்ல விஷயம், சந்தோஷம். கட்டடம் உயரத்துக்கு ஆள் வைக்க முடியும், எட்டு பாயின்ட் எழுத்துல ஒரு வரி வைக்க முடியாதோ?

பேரு இருந்தாலே தேடறது பெரும்பாடு, அது வேற கதை. சிகாகோல ஃபேஷன் சொல்லிக்கொடுத்த நிக் கேவ்னு ஒரு ஆர்ட்டிஸ்ட், 1991ல ராட்னி கிங்ங்கற கறுப்பினத்தவர அமெரிக்க போலீஸ் அடிச்சத பாத்து மனசு ஒடஞ்சு, கீழ கெடந்த சுள்ளியப் பொறுக்கி ஒடம்பு முழுக்க மூடற ஒரு உடுப்பு செஞ்சாரு, போட்டுக்கிட்டு நடந்தா சலசலன்னு சத்தம் வருமாம், அதான் சவுண்ட்சூட். அவரத் தேடினா அதே பேருல இருக்கற ஆஸ்திரேலியப் பாடகர்தான் வரிசைகட்டி வர்றாரு. பேரு தெரிஞ்சும் இந்தப் பாடு. இப்ப இதுல மெஷின் வரையற படம் வேற கலந்துடுச்சு, நாளைக்கு நீங்க பேரு போடாத படத்த மனுஷன் எடுத்தானான்னே சந்தேகப்பட வேண்டியிருக்கும், அப்ப நீங்களே வந்து இல்லங்க இது நெஜமா ஒருத்தர் எடுத்ததுதான்னு சத்தியம் பண்ணுவீங்க, அப்பவும் அந்த ஒருத்தர் யாருன்னு சொல்ல மாட்டீங்க.

மன்னிக்கணும், கோவத்துல நீளமா போயிடுச்சு. பணிவாவே கேக்கறேன். விளம்பரமோ கட்டுரையோ, பிராண்டோட உடுப்புகளக் காட்டற லுக்புக்கோ, எதுவா இருந்தாலும் எடுத்தவங்க பேரு, செட்டையோ உடுப்பையோ ஒரு ஆர்ட்டிஸ்ட் செஞ்சிருந்தா அவங்க பேரு, படத்து மேலயோ கீழயோ போடுங்க. செங்குத்தா போட்டாலும் பரவால்ல, கழுத்த நாங்க பாத்துக்கறோம்.

அப்புறம் அந்தத் தலைகீழ் கோட் படம். பக்கத்தக் கிழிக்காம இன்னும் வச்சிருக்கேன். தயவுசெஞ்சு எடுத்தவங்க பேர மட்டும் அனுப்புங்க. தள்ளுபடி வேணாம்.

இப்படிக்கு,
கோட் வாங்காத ஒரு வாசகர்