தவறி வந்த பணத்தைத் திருப்பித் தர ஒரு வழி வேண்டும்: ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கும், என்பிசிஐ எனப்படும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். தனக்கு உரிமையில்லாத பணம் தன் கணக்கில் வந்து சேர்ந்தால், அதை உரியவரிடம் முறைப்படி ஒப்படைக்க நினைக்கும் ஒருவருக்கு நம் வங்கி அமைப்பில் இன்று தெளிவான வழி எதுவும் இல்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்த மடலை எழுதுகிறேன். பணத்தை இழந்தவர் எங்கே போக வேண்டும், எத்தனை நாளில் பதில் கிடைக்க வேண்டும் என்பதற்குத் தாங்கள் விதிகள் வகுத்திருக்கிறீர்கள். அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடத்திலும் ஒரு மனிதர் இருக்கிறார், அவர் பெரும்பாலும் நேர்மையானவராகவே இருக்கிறார் என்பது அந்த விதிகளில் இடம்பெறவில்லை.

சில மாதங்களுக்கு முன் என் சேமிப்புக் கணக்கில் 38,500 ரூபாய் ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற முறை வழியாக வரவு வைக்கப்பட்டிருந்தது. கணக்கு அறிக்கையில் அந்த வரியில் இருந்தவை ஒரு பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண், அனுப்பிய வங்கியின் சுருக்கக் குறியீடு, பாதியிலேயே வெட்டுப்பட்ட ஒரு பெயர் ஆகியவை மட்டுமே. அந்தப் பெயரில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. எனக்கு வரவேண்டிய பாக்கியும் எதுவும் இல்லை. மறுநாள் காலையில் அறிமுகமில்லாத ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணம் மாறி உங்களுக்கு வந்துடுச்சு, நான் சொல்ற நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க" என்றார். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திருப்பி அனுப்புகிறேன் என்றேன். அந்தக் கணக்கில் ஏதோ சிக்கல் என்றார். என் கைப்பேசி எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அடுத்தவர் பணம் ஒரு நாள்கூட நம்மிடம் இருக்கக்கூடாது, கேட்டவருக்கு உடனே அனுப்பிவிடுங்கள் என்றார் என் மனைவி. யாராவது எழுத்துமூலம் கேட்டு வரும்வரை பேசாமல் இருங்கள் என்றான் என் மகன். இரண்டிலும் நியாயம் இருந்தது. இரண்டிலும் ஆபத்தும் இருந்தது. மருத்துவச் செலவுக்கான பணம் என்பது உண்மையாக இருந்தால், என் தயக்கத்தின் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு குடும்பத்துக்குத் துன்பம். அது பொய்யாக இருந்தால், என் அவசரமே குற்றவாளிக்கு உதவி.

இந்த இரண்டாவது ஆபத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாரோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தை ஒரு சாதாரண மனிதரின் கணக்கில் போட்டுவிட்டு, "தவறி வந்துவிட்டது" என்று சொல்லி வேறொரு எண்ணுக்கு அனுப்ப வைப்பது இன்று பரவலாக நடக்கும் மோசடி. பணத்தை இழந்தவர் இணையவழி மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் செய்ததும், காவல்துறை பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அந்தத் தடத்தில் முதலில் நிற்பது, நல்லெண்ணத்தோடு பணத்தைத் "திருப்பி" அனுப்பியவரின் கணக்கு. அது முடக்கப்படுகிறது. சம்பளமும் மாதத் தவணையும் அதே கணக்கில் இருந்தால் வீடே நின்றுபோகிறது. சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும், முழுக் கணக்கையும் முடக்க வேண்டியதில்லை என்று கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. ஆனால் நீதிமன்றம் வரை போக எத்தனை பேரால் முடியும்? வேறொரு எண்ணுக்குப் போய்விட்ட பணம் அதை உண்மையில் இழந்தவருக்கும் எளிதில் திரும்பக் கிடைப்பதில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது.

பணத்தை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு இடமே இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தந்தாக வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 314ஆம் பிரிவு, பிறர் பொருளை நேர்மையற்ற முறையில் தனதாக்கிக்கொள்பவருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. கண்டெடுத்த பொருளைப் பற்றி அந்தப் பிரிவு தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது: உரியவரிடம் சேர்ப்பதற்காக அதை வைத்திருப்பது குற்றமல்ல, ஆனால் உரியவரைக் கண்டறிய நியாயமான முயற்சி எடுக்காமல் அதைத் தனக்காகப் பயன்படுத்திக்கொள்வது குற்றம். ஆக, சட்டம் என்னிடம் எதிர்பார்ப்பது நியாயமான முயற்சியை. அந்த முயற்சியை நான் எங்கே போய்ச் செய்வது?

வங்கிக் கிளைக்குத்தான் போனேன். அங்கிருந்த அலுவலர் மரியாதையாகவே பேசினார். ஆனால் அனுப்பியவர் அவருடைய வங்கியில் புகார் கொடுத்து, அந்த வங்கியிடமிருந்து கோரிக்கை வந்தால்தான் தங்களால் எதுவும் செய்ய முடியும் என்றார். பெற்றவரே முன்வந்து எழுதிக்கொடுப்பதற்கு அவரிடம் படிவம் இல்லை, கணினியில் அதற்கான பகுதியும் இல்லை. அனுப்பியவரின் விவரத்தைத் தர அவருக்கு அனுமதி இல்லை, அது சரியே. கடைசியில் பரிவர்த்தனை எண்ணையும் தொகையையும் குறிப்பிட்டு, இந்தப் பணம் என்னுடையதல்ல, வந்த கணக்குக்கே திருப்பி அனுப்பச் சம்மதிக்கிறேன் என்று வெள்ளைத்தாளில் கடிதம் எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொண்டு வந்தேன். தொலைபேசியில் அழைத்தவருக்கு, உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள், நான் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அதன்பின் அவர் அழைக்கவில்லை. இந்த மடலை எழுதும் நாள்வரை எந்த வங்கியிடமிருந்தும் கோரிக்கை வரவில்லை. நான் தொடாமல் வைத்திருக்கும் அந்தத் தொகையோடுதான் என் கணக்கு இன்னும் இருக்கிறது.

ஐயா, வாடிக்கையாளர் தவறான கணக்குக்கு அனுப்பிவிட்டால், பெற்றவரின் சம்மதம் இல்லாமல் பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்றே வங்கிகள் சொல்கின்றன. அது நியாயமான பாதுகாப்பு. அதைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. ஆனால் எல்லாம் சம்மதத்தைச் சார்ந்திருக்கும்போது, அந்தச் சம்மதத்தைத் தானாக வந்து கொடுப்பவரிடமிருந்து வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருக்க வேண்டாமா? வங்கியே தவறு செய்தால் நிலைமை வேறு. 2023 செப்டம்பரில் சென்னையில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வரவாகி, அவர் அது மெய்தானா என்று பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பிப் பார்த்த சற்று நேரத்தில் மீதித் தொகையை வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் ஒரு பொதுத்துறை வங்கியில் ஐஎம்பிஎஸ் கோளாறால் 820 கோடி ரூபாய் வாடிக்கையாளர் கணக்குகளுக்குப் போனபோது, கணக்குகளை முடக்கி 649 கோடியைச் சில நாட்களிலேயே மீட்டார்கள். தன் பணம் என்றால் வங்கிக்கு வழி தெரிகிறது.

தாங்கள் எடுத்த நல்ல நடவடிக்கைகளை நான் மறக்கவில்லை. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் என்ற வங்கிப் பணப் பரிமாற்ற முறைகள் வழியாக அனுப்புபவர் பணம் பெறுபவரின் பெயரை முன்கூட்டியே சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ஆணையிட்டீர்கள். அதனால் தவறுகள் குறையும். ஆனால் ஒரே பெயரில் பலர் வாழும் ஊர்களில், அவசரத்தில் விரல் தவறும் மனிதர்களிடையே, அவை அறவே நின்றுவிடாது.

எனவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு வங்கியின் செயலியிலும், யுபிஐ செயலிகளிலும், செயலி பயன்படுத்தாத முதியவர்களுக்காகக் கிளைகளிலும், வரவான எந்தத் தொகையையும் சுட்டிக்காட்டி "இது என்னுடைய பணம் அல்ல" என்று பதிவு செய்யும் வசதி வேண்டும். பதிவு செய்த உடனே அந்தத் தொகை மட்டும் தனியே நிறுத்திவைக்கப்பட்டு, ஒப்புகை எண் தரப்பட வேண்டும். அனுப்பிய வங்கிக்குத் தகவல் தானாகப் போய், அந்த வங்கி தன் வாடிக்கையாளரிடம் கேட்டு உறுதி செய்தபின், பணம் வந்த வழியிலேயே வந்த கணக்குக்கு மட்டுமே திரும்ப வேண்டும். மூன்றாவது எண் எதற்கும் அதில் இடம் இருக்கக்கூடாது. அது களவுப் பணம் என்று பின்னர் தெரியவந்தால், அந்த ஒப்புகையே பெற்றவரின் நேர்மைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டு, அவருடைய மற்றப் பணத்தை யாரும் தொடாமல் இருக்க வேண்டும். அனுப்பியவர் கணக்கில் பணம் கழிக்கப்பட்டும் பெறுபவருக்குப் போய்ச்சேராத பரிவர்த்தனைகளுக்கு 2019இல் தாங்கள் வகுத்த விதிகளில் நாள் கணக்கும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் இருக்கின்றன. அதேபோன்ற கால வரையறை இதற்கும் வேண்டும்.

இது நடைமுறைக்கு வரும்வரை, பெற்றவர் எழுத்துமூலம் தரும் சம்மதக் கடிதத்தை வாங்கிப் பதிவு செய்து, அனுப்பிய வங்கிக்குத் தெரிவிப்பது கிளையின் கடமை என்று ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒன்று வந்தால், முத்திரையிட்ட என் கடித நகலோடு அதே கிளைக்கு மறுபடியும் போவேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு சேமிப்புக் கணக்கு வாடிக்கையாளர்