கோடையில் பிறந்த பிள்ளையை எப்போது சேர்ப்பது: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

2023 ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இது உங்களுக்குத்தான். பள்ளி வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, தமிழிலேயே எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

இங்கிலாந்துச் சட்டப்படி, ஐந்து வயது முடிந்தபின் வரும் டெர்மில், அதாவது பள்ளிப் பருவத்தில்தான் பள்ளி கட்டாயமாகிறது. ஆனால் நாலு வயது முடிந்த செப்டம்பரிலேயே பள்ளியின் முதல் வகுப்பான ரிசெப்ஷனில் சேர்ப்பது இங்கே வழக்கம். அதனால் ஆகஸ்ட் கடைசியில் பிறந்த பிள்ளை நாலு முடிந்த சில நாளிலேயே யூனிஃபார்மோடு வந்து நிற்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செப்டம்பர் பிள்ளைக்கோ ஐந்து ஆகியிருக்கும். கோடைப் பிள்ளைகள் மதிப்பெண்ணில் சராசரியாகக் கொஞ்சம் பின்தங்குவதும், வளர வளர அந்த இடைவெளி குறைவதும் உண்மைதான். ஆனால் அது சராசரி, உங்கள் பிள்ளையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

2027 செப்டம்பரில் முழு நேரமாகச் சேர்க்கலாம். இடத்தை வாங்கிக்கொண்டு அரை நாள் மட்டும் அனுப்பலாம், அல்லது 2028 ஏப்ரலில் கோடை டெர்ம் தொடங்கும்வரை தள்ளிப்போடலாம். இது உங்கள் உரிமை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஒரு வருஷம் முழுக்கப் பொறுத்து 2028 செப்டம்பரில் ரிசெப்ஷனில் சேர்க்க வேண்டுமென்றால் மட்டும் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் காத்திருந்தால் பிள்ளை ரிசெப்ஷனைத் தாண்டி நேராக அடுத்த வகுப்பான இயர் ஒன்றுக்குத்தான் போகும், அதுவும் அங்கே இடம் இருந்தால். விளையாட்டோடு போகும் ரிசெப்ஷன் வருஷத்தைப் பிள்ளை இழப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

என்னைக் கேட்டால், பெரும்பாலான கோடைப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்குள் பழகிவிடுகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவதால் ஆங்கிலம் வரவில்லை, அதனால் நிறுத்திவைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், அதற்காக மட்டும் வேண்டாம், தமிழ் நன்றாகப் பேசும் பிள்ளை ஆங்கிலத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அக்டோபரில் பிறக்க வேண்டிய பிள்ளை குறைமாதத்தில் ஆகஸ்டிலேயே பிறந்திருந்தால், நாளோடு பிறந்திருந்தால் அடுத்த வருஷ வகுப்பில்தானே இருந்திருக்கும்? அப்படிப்பட்ட பிள்ளைக்கும், எந்த மொழியிலும் பேச்சு தாமதமான பிள்ளைக்கும், நீண்ட நாள் உடம்பு சரியில்லாமல் இருந்த பிள்ளைக்கும் காத்திருப்பதை நானே ஆதரிப்பேன். 'ஒரு வருஷம் வீணாகிறதே' என்று ஊரிலிருந்து அம்மம்மா போனில் வருத்தப்படுவார், நர்சரியில் இலவச நேரம் தொடரும் என்று சொல்லுங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முடிவு எதுவானாலும் 2027 ஜனவரி 15க்குள் வழக்கமான விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். ஒரு வருஷம் தள்ளி ரிசெப்ஷனில் சேர்க்க விரும்பினால், கூடவே அதற்கு அனுமதி கேட்கும் கடிதத்தையும் உள்ளூராட்சியான கவுன்சிலுக்கு அனுப்புங்கள். நம்முடையது கவுன்சில் பள்ளி என்பதால் முடிவு அவர்கள் கையில், என் கருத்தையும் கேட்பார்கள். மற்ற பள்ளிகளுக்கும் விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், கவுன்சிலின் கீழ் இல்லாத அகாடமி பள்ளியில் அதை நடத்தும் டிரஸ்ட்டும் சில சர்ச் பள்ளிகளில் பள்ளி நிர்வாகக் குழுவும்தான் முடிவு செய்யும், அங்கே தனியாகக் கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தால் இந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று அடுத்த வருஷம் புதிதாகப் போட வேண்டும், இப்போதைய இடம் உங்களுக்காகக் காத்திருக்காது. அனுமதி மறுத்துவிட்டால், பள்ளியில் இடம் கிடைத்தும் கேட்ட வகுப்பு கிடைக்கவில்லை என்பதற்காக மேல்முறையீடு செய்ய முடியாது, புகார் மட்டும்தான். இன்னொன்று, பதினொரு வயதில் செகண்டரிக்குப் போகும்போது இதே கேள்வி மறுபடி வரும், அந்தப் பள்ளி அப்போது புதிதாக முடிவெடுக்கும்.

கடிதத்தில் பிள்ளை எப்படிப் பேசுகிறது, எப்படித் தூங்குகிறது, நர்சரியில் மதியத்துக்குமேல் எப்படி இருக்கிறது என்று நீங்கள் பார்ப்பதை எழுதுங்கள். நிபுணர் அறிக்கை கட்டாயமில்லை, இருந்தால் இணையுங்கள். எழுதுவதற்குமுன் என்னோடு பேச விரும்பினால் அலுவலகத்தில் நேரம் கேட்டு வாங்குங்கள், பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்