நைனாவுக்கு மட்டும் தனி டிக்கெட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தோடு போய்வரக்கூடிய ஊர்கள் என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள், நானும் வெட்டி வைத்துக்கொள்வேன். குடும்பம் என்றால் அதில் வயதானவர்களும் உண்டுதானே, அவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே ரயிலில் போவது எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஆவணியில் என் அம்மா தவறிவிட்டாள். 69 வயது. சர்க்கரை, அப்புறம் கிட்னி, கடைசியில் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே முப்பது வருடம் இட்லிக் கடை போட்டவள். காலையில் இட்லி, வடைகறி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆப்பம். அப்பா ஆர்பரில், அதாவது துறைமுகத்தில், வேலை பார்த்தவர். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். நைனா சம்பளத்தில் வீடு நடந்தது, அம்மாவின் கடையில் நாங்கள் மூன்று பேரும் படித்தோம். கடையை ஒரு நாள் மூடினால் வாடிக்கை வேறு பக்கம் போய்விடும் என்று சொல்லியே அவள் எந்த ஊருக்கும் போனதில்லை, கல்யாணம் காட்சி என்றால்கூடக் காலை வியாபாரத்தை முடித்துவிட்டுத்தான் புடவை மாற்றுவாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஊர்மேல்தான் ஆசை, ராமேஸ்வரம். அதில் பக்தி பாதி, ரயில் பாதி. அவளுடைய அப்பா, எங்கள் தாத்தா, எழும்பூர் ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்தவர், போட் மெயிலுக்கு மூட்டை தூக்கியவர். அந்த வண்டி அப்போது தனுஷ்கோடி வரை போகும், அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார். இலங்கைக்குப் போகிறவர்களின் டிரங்குப் பெட்டி எவ்வளவு கனக்கும் என்று தாத்தா கதை கதையாகச் சொல்வாராம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது, பாம்பனிலிருந்து போன ஒரு பயணிகள் ரயிலையும் அந்த ராத்திரி கடல் கொண்டுபோனது. அது தாத்தா மூட்டை ஏற்றிய வண்டி இல்லைதான், ஆனாலும் அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கடலை ரயிலில் இருந்தபடி ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அன்றைக்கு ஆரம்பித்ததாகத்தான் இருக்கும்.

ஒருவழியாக 2023 பொங்கல் கழித்துப் போகலாம் என்று அண்ணன் ஏற்பாடு செய்தான், அம்மாவும் கடையை மூன்று நாள் மூடச் சம்மதித்தாள். அதற்குள் 2022 டிசம்பர் 23-ம் தேதியோடு பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள், 1914-ல் திறந்த பாலம், பலவீனமாகிவிட்டது. மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்துப் போகலாம் என்று அண்ணன் எவ்வளவோ சொன்னான். அம்மா ஒப்பவில்லை. "பஸ்ஸுல போறதுக்கா இத்தினி நாள் காத்துனு இருந்தேன்? புதுப் பாலம் கட்டறாங்க இல்ல, முடியட்டும்டா, கடல் மேல ரயில்லயே போவோம்" என்றாள். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். அம்மா போன பிறகுதான், 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாலம் திறந்தது. டிவியில் அந்தத் தூக்குப் பாலம் நடுவில் மேலே எழும்புவதைக் காட்டினார்கள், நைனா எழுந்து வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா இறந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஷாமியானா, ஐஸ் பெட்டி, மேளம், மூலக்கொத்தளம் சுடுகாடு, அஸ்தியைக் காசிமேட்டுக் கடலில் கரைத்தது, பதினாறாம் நாள் காரியம், இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேலை. அண்ணன் பணம் எண்ணிக்கொண்டிருந்தான், தம்பி ஓசூரிலிருந்து வந்ததும் சாப்பாட்டுப் பொறுப்பு, நான் வருகிற பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதேன், அது அவர்களுக்காக அழுதது போலத்தான் இருந்தது. நைனாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம், அவர் அழவில்லை. எங்களுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது, வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அப்புறம் தம்பி ஓசூர் போனான், அண்ணன் அம்பத்தூர் போனான், நான் கொருக்குப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்தேன். ஒரு வருடம் ஓடிவிட்டது. மூன்று பேரும் போனில் பேசும்போது மருந்து வாங்கியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா என்பதைத் தாண்டிப் பேசவே இல்லை.

முதல் வருடத் திதியை ராமேஸ்வரத்தில் கொடுப்பது, எல்லாரும் ஒன்றாக ரயிலில் போவது என்று முடிவு செய்தோம். ஒன்பது பேர். முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, முன்பு 120 நாள் இருந்தது, ஆக அன்று காலை எட்டு மணிக்கு ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தோம். அப்போதுதான் தெரிந்தது, மூத்த குடிமக்கள் கோட்டாவில் கீழ் பெர்த் வேண்டும் என்றால் அந்த டிக்கெட்டில் முதியவர் தனியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதே வயதுக் கணக்கில் வருகிற இன்னொருவர் மட்டும் கூட இருக்கலாம். ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45. எனக்கு 43. மகனோ மகளோ பேரனோ அதே டிக்கெட்டில் சேர்ந்தால் அந்தக் கோட்டா கிடையாது, பொதுவில் இருப்பதைக் கொடுப்பார்கள், கிடைத்தால் கீழே, இல்லாவிட்டால் எங்கேயோ. நைனாவுக்கு 74 வயது, மூட்டு இரண்டும் தேய்ந்திருக்கிறது, எப்படி மேலே ஏறுவார்? அதனால் அவருக்குத் தனி டிக்கெட் போட்டோம். அவருக்கு எஸ்-8, எங்களுக்கு எஸ்-3.

வண்டி ஏறும் அன்று தண்டையார்பேட்டையிலிருந்து எழும்பூருக்கு இரண்டு ஆட்டோ. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் போனது, இன்றைக்கு வடசென்னைக்காரன் தெற்கே போக எழும்பூருக்கோ தாம்பரத்துக்கோ மூட்டை தூக்க வேண்டும். ராயபுரத்தை முனையமாக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதைப் பற்றி நீங்கள் தனியாக எழுதுங்கள்.

ராத்திரி எல்லாரும் எங்கள் பெட்டியிலேயே ஒன்றாகச் சாப்பிட்டோம். அண்ணி அம்மா செய்கிற மாதிரியே வேர்க்கடலை வறுத்துப் போட்டுப் புளிசாதம் கிளறிக்கொண்டு வந்திருந்தாள். அப்புறம் நைனாவை அவர் பெட்டியில் கொண்டுபோய் விட்டோம். டிடிஆரிடம் கேட்டிருக்கலாம், ஆனால் வண்டி நிறைந்திருந்தது, தூங்கப் போகிற யாரையும் எழுப்பி மாறச் சொல்ல மனம் வரவில்லை.

திருச்சி தாண்டியிருக்கும், மூன்று மணி போல எனக்கு விழிப்பு வந்தது. நைனா பாத்ரூம் போகத் தடுமாறுவாரே என்று ஐந்து பெட்டி நடந்து போனேன். தூரத்திலேயே அவர் குரல் கேட்டது. எதிர் பெர்த்தில் பரமக்குடி போகிற ஒரு பெரியவர், அவரிடம் நைனா மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அலாரம் கிடையாது. விடியற்காலை கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி போகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்து அடுப்பு பற்ற வைப்பாளாம். நாற்பத்தி மூன்று வருடம் அவளுக்குப் பிள்ளையாக இருந்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது. "ஆஸ்பத்திரில படுத்துனு இருக்க சொல்ல, ராத்திரில முழிச்சிக்கினு 'கூட்ஸ் பூடுச்சா'ன்னு கேப்பா" என்று நைனா சொல்லிக்கொண்டிருந்தார். "அங்க ஏதுங்க கூட்ஸ். பூடுச்சி, இன்னிக்கி கடைக்கு லீவு, நீ தூங்குன்னு சொல்லுவேன். 'லீவா'ன்னு சிரிப்பா. முப்பது வருசத்துல அவளுக்கு லீவுன்னாலே சிரிப்புதான். கடைசி நாள்ல கேக்கவே இல்ல. நானா சொன்னேன், பூடுச்சிம்மான்னு." அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அந்தப் பெரியவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து நைனாவின் முதுகில் கை வைத்துக்கொண்டார்.

நான் வாஷ்பேசின் பக்கமே நின்றுவிட்டேன். ஒரு வருடத்தில் நைனா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதுவும் முன்பின் தெரியாதவர் தோளில். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவர் செய்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, "வீட்டம்மா எப்படி இருப்பாங்க" என்று கேட்டிருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்கவே இல்லை. கேட்டால் மனிதர் உடைந்துவிடுவார் என்று பயந்தோம், உண்மையில் எங்களுக்குத்தான் பயம். பிறகு போய் நைனாவின் கால்மாட்டில் உட்கார்ந்தேன், விடியும்வரை பேசினார்.

மண்டபம் நெருங்கும்போது அவரைக் கைப்பிடித்து எங்கள் பெட்டிக்கே கூட்டிவந்து ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பாலத்தில் வண்டி மெதுவாகத்தான் போகிறது, இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், பக்கத்திலேயே துருப்பிடித்த பழைய பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர். "உங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் கதவாண்ட போய் நின்னுனு இருப்பா, நாமதான் புடவையைப் புடிச்சி இழுத்துனு இருக்கணும்" என்றார் நைனா. தம்பி சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை, ஆளாளுக்கு அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம், வண்டி நின்று எல்லாரும் இறங்கின பிறகும் எங்கள் ஒன்பது பேர் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். அக்னி தீர்த்தத்தில் திதி, இருபத்திரண்டு தீர்த்தக் குளியல் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் தனுஷ்கோடிக்கும் போனோம்.

வீட்டில் பேச முடியாததை ரயிலில் பேச முடிகிறது. அங்கே யாருக்கும் எழுந்து போக ஒரு வேலை இல்லை. துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் எல்லாச் செலவோடும் இதையும் ஒரு செலவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், பக்கத்து ஊராக இருந்தாலும் சரி, மீதமிருக்கிற அப்பாவையோ அம்மாவையோ நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போய்வாருங்கள். ரயில்வேயிடமும் கேட்கிறேன். 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில் நிறுத்தினார்கள், கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. அதைத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் இந்தக் கீழ் பெர்த் விதியையாவது மாற்றுங்கள். பிள்ளைகளோடு ஒரே டிக்கெட்டில் வருகிற முதியவருக்கும் அந்தக் கோட்டாவில் ஓர் இடம் கொடுத்தால் போதும், மற்றவர்கள் எந்த பெர்த்திலும் படுத்துக்கொள்வோம். வயதானவர் தனியாக வந்தால் கீழே, பிள்ளைகளோடு வந்தால் மேலே என்பது எந்தக் கணக்கில் சரி?

அடுத்த ஆவணிக்கும் ராமேஸ்வரம் போக வேண்டும் என்று நைனா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். "இந்த வாட்டி என்னையும் உங்க கூடவே போடும்மா, மேல் பெர்த்துன்னாலும் ஏறிப்பேன்" என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை.