நித்திரைக் குளிசை கேட்டு வருபவர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

சூடான கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் மருந்துக்கடையில் ஒரு கேள்வி கூடிவிடும். "ராவையில நித்திரை வருகுதில்ல, துண்டில்லாம ஏதாவது இருந்தாத் தாங்க." கேட்பதில் பிழையே இல்லை, இரவு முழுக்கப் புழுங்கிவிட்டு விடியக் காலையில் வயலுக்கோ ஆஸ்பத்திரி வரிசைக்கோ போக வேண்டியவருக்கு வேறு என்ன தோன்றும்? ஆனால் பின்னால் நாலு பேர் நிற்கும்போது எங்களால் ஆறுதலாக விளக்க முடிவதில்லை, அதனால்தான் இந்த மடல்.

மயக்கம் தரும் குளிசைகளான டயசிபாம், குளோனசிபாம் இரண்டையும் டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமல் தர மாட்டோம். தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் அதேதான். மாதக்கணக்கில் அவற்றைக் குடித்து வருபவர் தானாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, எழுதித் தந்த டொக்டரிடமே போய்க் கதைத்து மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

துண்டில்லாமல் அதிகம் கேட்பது பிரிட்டன் (Piriton) குளிசை, அதாவது குளோர்பெனிரமின். அது தடிமனுக்கும் தோல் அரிப்புக்கும் உள்ள மருந்து, நித்திரை வருவது அதன் பக்கவிளைவு. அதே குடும்பத்து டைபென்ஹைட்ரமினும் அப்படித்தான். ஓரிரு இரவு வேலை செய்யும், தொடர்ந்து குடித்தால் சில நாளிலேயே உடம்பு பழகிவிடும், ஆனால் மறுநாள் காலை மயக்கம் மட்டும் மிஞ்சும், அந்த மயக்கத்தோடு மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலம் தாண்டுவதை நினைத்தால் எங்களுக்குப் பயம். 65 வயது தாண்டியவர்களுக்கு இந்த வகையைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவர் சங்கத்தின் பட்டியலே இருக்கிறது: வாய் காயும், மலம் இறுகும், தடுமாற்றம் வரும், புரொஸ்டேட் வீங்கியிருக்கும் ஆண்களுக்குச் சலம் அடைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு என்று வாங்க வந்தால் அவருடைய வயதையும் வருத்தங்களையும் நாங்கள் கேட்போம், கோபிக்காதீர்கள்.

அப்புறம், கனடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் மெலடோனின் போத்தல்கள். அங்கே அது கடையில் சும்மா வாங்கலாம், லண்டனில் டொக்டர் எழுதித்தர வேண்டும். இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் ஹோர்மோன் அது, விமானத்தில் வந்து நேரம் மாறிப்போனவருக்கு உதவும், புழுக்கத்துக்கும் கவலைக்கும் பெரிதாக ஒன்றும் செய்யாது. 2017இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, ஒன்றில் லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாகவும் இன்னொன்றில் 478 சதவீதம் கூடவும் மருந்து இருந்தது. இனிப்பு மாதிரி வருபவற்றைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பாலில் சாதிக்காய் ஒரு சிட்டிகை உரசிப் போட்டுக் குடிப்பதை நாங்கள் தடுப்பதில்லை. கரண்டி கரண்டியாகப் போட்டால் வாந்தியும் மனக்குழப்பமும் வரும், அது நஞ்சு. நித்திரைக்கென்று அமுக்கரா (அஸ்வகந்தா) குடிக்க நினைக்கும் கர்ப்பிணிகளும், தைரொயிட், ஈரல் வருத்தம் உள்ளவர்களும் முதலில் டொக்டரிடம் கேளுங்கள்.

நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான். நித்திரையைக் கெடுப்பது பல நேரம் உங்கள் கிளினிக் பைக்குள்ளேயே இருக்கிறது. படுவான்கரைப் பக்கமிருந்து வரும் ஐயா ஒருவர், இரவில் நாலைந்து தரம் எழும்புவதாகச் சொல்லி நித்திரைக் குளிசை கேட்டார். பையை மேசையில் கொட்டிப் பார்த்தால், காலையில் குடிக்க வேண்டிய புருசமைட், அதாவது சலம் போக வைக்கும் தண்ணிக் குளிசை, இரவுக் குளிசைகளோடு ஒரே கடதாசி உறையில் கிடக்கிறது. பஸ்ஸில் சலம் முட்டினால் எங்கே இறங்குவது என்று அவரே இரவுக்கு மாற்றியிருக்கிறார்! அந்தக் குளிசை ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணித்தியாலம் வரை நிற்கும், அவர் எப்படி நித்திரை கொள்வார்? கிளினிக்கில் சொல்லி, பயண நாளில் மட்டும் வீடு திரும்பியதும் குடிப்பதாக மாற்றிக்கொண்டார். நித்திரைக்கென்று எதுவும் வாங்கவில்லை. இப்படியே, ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையைப் பின்னேரம் குடித்தால் நித்திரை குழம்பும், காஃபின் சேர்ந்த தலையிடிக் குளிசையும் மூக்கடைப்புக் குளிசைகள் சிலவும் கண்ணை மூட விடாது. நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள், எங்களிடமோ கிளினிக்கிலோ கேட்டு மாற்றுங்கள்.

தேத்தண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இங்கே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் சாயம் கூடிய பிளேன்ரீ குடிக்கிறோமே. குடித்த காஃபினில் பாதி ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகும் உடம்பில் நிற்கும். பின்னேரத் தேத்தண்ணியோடு நிறுத்திப் பாருங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழும்புங்கள், நித்திரை வராமல் பாயில் புரளாமல் எழும்பி வெளிச்சம் குறைந்த இடத்தில் இருந்துவிட்டு, கண் சொருகும்போது போய்ப் படுங்கள். குளிசையைவிட இது மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் நிலைக்கும்.

கிழமையில் மூன்று இரவோ அதற்கு மேலோ, மூன்று மாதமாக இப்படி என்றால் கடையில் நிற்காமல் டொக்டரிடம் போங்கள். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறவர் மயக்கம் தரும் எதையும் தொடாமல் முதலில் காட்ட வேண்டும். கடலிலோ சண்டையிலோ உறவுகளைப் பறிகொடுத்து அந்த நினைவில் விழித்திருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர், அதற்குக் குளிசை மட்டும் போதாது. 1926க்கு அழைத்தால் தேசிய மனநல உதவிச் சேவையில் கதைக்கலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் பிந்தாமல் அழையுங்கள், அல்லது கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த முறை வரும்போது கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் சேர்த்தே கொண்டு வாருங்கள். மத்தியானம் கடையில் ஆட்கள் குறைவு, இருந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக்கடையினர், மட்டக்களப்பு